வேலுச்சாமி வீட்டு அடுப்புப் புகை

வேண்டாம் என்று ஒதுக்கிய காப்பிக்கு நிராகரிப்புக் கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று சென்ற வாரம் உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. பணியிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியும், அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எனக்குப் பழைய கடிதம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. நான் எழுதிய கடிதங்களில் ஒன்று ஒரு பெண்ணை அவளுடைய வீட்டிலிருந்து வெளியேற்றியது. எந்தத் தவறும் செய்யாத பெண். அதுவரை அவளை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் மீது பழி விழுந்திருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் நான் மலையேறிய கதையைத்தான் உங்கள் கேள்விக்கு விடையாக எழுதுகிறேன்.

திருக்கோகர்ணத்தில் இருக்கும் நம்முடைய காப்பி வறுவல் கூடத்தில் நீங்கள் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. நம் தொழிலின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் ஊர்க் கடைகளில் காப்பியைக் கருக வறுத்துச் சிக்கரி சேர்த்து விற்கிறார்கள். நல்ல டிகாக்‌ஷன் கிடைக்கும். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கருப்பில் எந்த மலை, எந்தச் சரிவு, யார் உலர்த்தியது என்பதெல்லாம் கரைந்து போய்விடும். கொட்டை இலவங்கப்பட்டை நிறத்துக்கு வந்ததுமே நாம் இறக்கிவிடுகிறோம். இளம் வறுவல் எதையும் மறைக்காது. பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் ஆரஞ்சு மரத்துக்கும் பலாவுக்கும் அடியில் விளைந்த கொட்டையில் ஆரஞ்சுத் தோலின் மணம் இருக்கும். சேர்வராயன் மலைக் கொட்டையில் எனக்கு எப்போதும் கொடுக்காப்புளியின் துவர்ப்பு தட்டுப்படும். மணத்தைப் போலவே குற்றமும் தெளிவாகத் தெரியும். குற்றம் தெரிந்த மாத்திரத்தில் குற்றவாளியும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் நம்மைப் போன்றவர்களுக்கே உரிய நோய்.

கொடுக்காப்புளி என்று நான் எழுதினேன் அல்லவா? நம்முடைய சுவைப் படிவத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. பீச் இருக்கிறது, பெர்கமாட் என்னும் மேல்நாட்டு எலுமிச்சை இருக்கிறது. பீச் பழத்தை நான் முதன்முதலில் தின்றபோது எனக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அதற்குள் சில நூறு படிவங்களில் அந்தப் பெயரை எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தேன்.

வேலுச்சாமி பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் சிறு தோட்டம் வைத்திருந்தவர். பல ஆண்டுகளாகப் பறித்த பழத்தை அப்படியே வியாபாரியிடம் கொடுத்து வந்தவர், இந்தக் கதை நடந்த வருடம்தான் முதன்முறையாகத் தாமே உலர்த்தி நமக்கு அனுப்ப முன்வந்தார். அவரும் மனைவியும் வலைக்கட்டில்கள் அமைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொட்டையைப் புரட்டிக் கொடுத்து உலர்த்தினார்கள். முதலில் ஒரு சாம்பிள் வந்தது. பழைய சேலைத் துணியில் கையால் தைத்த பை. அதை வறுத்துச் சுவைத்த அன்று எங்கள் அறையில் எல்லோரும் இரண்டாவது கரண்டி எடுத்தோம். ஆரஞ்சுத் தோல், பனைவெல்லம், கடைசியில் நாக்கில் தங்கும் ஒரு குளிர்ச்சி. விளைச்சல் முழுவதையும் வாங்குவது என்றும், பாக்கெட்டின் மீது அவருடைய பெயரையே அச்சிடுவது என்றும் முதலாளி முடிவு செய்தார். மொத்தம் எட்டு மூட்டைகள்.

மூட்டைகள் வரவேண்டிய வாரத்தில் நான் குளத்தூரில் என் தங்கை மகளின் கல்யாண வீட்டில் இருந்தேன். பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி அழைத்தார். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. பெருநகரத்து வேலையை விட்டுவிட்டு வந்து இந்தக் கூடத்தைத் தொடங்கியவர். என்னைக் கேட்காமல் ஒரு மூட்டையைக்கூட நகர்த்த மாட்டார்.

“மேடம், லாரி நாளைக்கு வந்துருதாம். குடோன்ல இப்பத்தான் பெயிண்ட் அடிச்சு முடிச்சிருக்கு. என்ன செய்யலாம்?”

“பெயிண்ட் வாசனை அடங்குற வரைக்கும் ஒரு மூட்டையைக்கூட உள்ள விடாதீங்க. வறுக்காத பச்சைக் கொட்டை எல்லா வாசனையையும் இழுத்துக்கும். நல்லாக் காத்தோட்டமா வேற எடம் பாருங்க.”

“அதெல்லாம் பாத்துக்கிறேன் மேடம். நீங்க கல்யாணத்தப் பாருங்க.”

வேறு இடம் எது என்று நான் கேட்கவில்லை. கல்யாணமும் மறுவீடும் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் திரும்பியபோது மூட்டைகள் நம் குடோனிலேயே அடுக்கப்பட்டிருந்தன. பெயிண்ட் வாசனை துளியும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை சுவைச் சோதனை. சோதனை மேசையில் அனுபவம் குறைந்தவர்தான் தம் தாளை முதலில் வாசிக்க வேண்டும், மூத்தவர் கடைசியில் வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். மூத்தவரின் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்தவர், சுவைக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். அன்று நான் அந்த ஒழுங்கை மீறினேன். கோப்பையில் வெந்நீர் விழுந்து மணம் எழுந்ததுமே பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, “புகை!” என்றேன். அப்புறம் மேசையைச் சுற்றி இருந்த நான்கு தாள்களிலும் புகை என்றே எழுதப்பட்டது.

ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கொட்டை பொறுக்கும் பகுதியின் பொறுப்பாளராக இருந்த ஆரோக்கியமேரி. ஆவூர்ப் பக்கத்தில் பிறந்து கந்தர்வக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். தினமும் பஸ்ஸில் வந்து போவார். வறுத்து மீந்த கொட்டையை வாங்கிப் போக வந்தவர், கோப்பைக்கு நேராகக் குனிந்து ஒருமுறை முகர்ந்தார்.

“மேடம், இது வெறகுப் பொகை இல்லைங்க. முந்திரிக்கொட்டை சுடுற பொகை.”

“மலையில முந்திரி ஏதும்மா?”

“அது எனக்குத் தெரியாதுங்க. மூக்குல வருது, சொல்றேன்.”

மேசையில் இருந்த ஒருவர், “மேரியக்கா, காப்பியில முந்திரி விழுந்தா அதுக்குப் பேரு பாயாசம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

“சிரிங்க, சிரிங்க. பதினாறு வருசம் முந்திரிக் களத்துல அந்தப் பொகையில நின்னு கண்ணெரிஞ்சவ நான். நீங்க இன்னைக்குத்தான் மோந்தவுக” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

படிவத்தில் முந்திரி இல்லை. புகை இருந்தது. அதற்கு எதிரே காரணம் என்ற பத்தியில் ‘உலர்த்தும்போது விறகுப் புகை ஏறியது’ என்று அச்சிட்டே வைத்திருந்தார்கள். நான் அதில் குறியிட்டேன். பிறகு அலமாரியிலிருந்து சேலைத் துணிப் பையை எடுத்து, மிச்சமிருந்த சாம்பிளை வறுத்துப் பக்கத்தில் வைத்துச் சுவைத்தேன். அதில் புகையே இல்லை. என் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது: காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று.

அன்று பிற்பகலே கடிதத்தை எழுதினேன். என் தமிழைப் பற்றி எனக்கு அப்போது சிறிது பெருமை உண்டு. மாவட்ட நூலகத்தில் நான் வாசிக்காத அலமாரி இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமையெல்லாம் அந்தக் கடிதத்தில் இறங்கியிருந்தது. கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. மரியாதைக்குரிய ஐயா என்று தொடங்கி, ‘தாங்கள் முதலில் காட்டிய காப்பியும் பின்னர் அனுப்பிய காப்பியும் ஒன்றல்ல’ என்று தொடர்ந்தேன். அத்துடன் நிறுத்தியிருந்தாலும் பாதிக் குற்றம்தான். அடுத்த வரியில், ‘தங்கள் இல்லத்தில் இக்கொட்டையை அடுப்படியில் வைத்து உலர்த்தியிருப்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது’ என்று எழுதினேன். அந்த அடுப்படியை நான் கண்ணால் கண்டவள் இல்லை. அவர் வீட்டில் அடுப்படி வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது.

பதில் வரவில்லை. பதில் வராததையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் நண்பகலில் ஆரோக்கியமேரி கையில் ஒரு தட்டுடன் என் அறைக்கு வந்து நின்றார். தட்டு நிறையப் பச்சைக் கொட்டை.

“மேடம், ஒரு நிமிசம் இத மோந்து பாருங்க.”

முகர்ந்தேன். அதே புகை.

“வேலுச்சாமி மூட்டையை எதுக்கும்மா இப்பப் பிரிச்சீங்க? அதுதான் தனியா ஒதுக்கச் சொல்லியாச்சே.”

“இது அந்த மலை இல்லைங்க. சேலத்து மலை. இப்பத்தான் மொத மூட்டையப் பிரிக்கிறோம்.”

நான் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன். இன்னொரு முறை முகர்ந்தேன். அவர் சொன்ன சேலத்து மலை, சேர்வராயன் மலை. அங்கிருந்து வந்த இந்தக் காப்பி பெரிய தோட்டமொன்றில் இயந்திரத்தில் வெப்பக்காற்று ஊதி உலர்த்தியது. அங்கே விறகுக்கே வேலையில்லை. ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கும் இரண்டு மலைகள் ஒரே அடுப்பில் உலை வைக்க முடியாது. இரண்டிலும் ஒரே புகை இருக்கிறது என்றால், அந்தப் புகை மலையில் ஏறியது இல்லை. இரண்டு காப்பியும் சந்தித்துக்கொண்ட ஏதோ ஓர் இடத்தில் ஏறியது. இவ்வளவையும் நான் யோசித்து முடிப்பதற்குள் கையிலிருந்த தட்டு சாய்ந்து கொட்டைகள் தரையில் உருண்டன. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

முதலாளியை வரவழைத்தேன்.

“லாரி வந்தப்ப மூட்டையெல்லாம் எங்க எறக்குனீங்க?”

“நம்ம சித்தப்பா எடத்துலதான் மேடம், கந்தர்வக்கோட்டையில. பெரிய ஷெட்டு சும்மா கெடந்துச்சு. அந்த வாரம் வந்த ரெண்டு லோடையும் அங்கிட்டுத்தான் போட்டோம். நீங்கதான நல்லாக் காத்தோட்டமா இருக்கணும்னீங்க.”

ஆரோக்கியமேரி கதவருகே நின்றபடி, “அந்த ஷெட்டுக்குப் பக்கத்துல என்னா இருக்குன்னு கேளுங்க மேடம்” என்றார்.

முதலாளி ஆரோக்கியமேரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “முந்திரிக் களம்” என்று அவர் சொன்னபோது குரல் அவருக்கே கேட்டிருக்காது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் ஆரோக்கியமேரியும் கந்தர்வக்கோட்டைக்குப் போனோம். சித்திரை மாதம், முந்திரிப் பருவத்தின் உச்சம். ஷெட்டுக்கு நாலு எட்டு தள்ளிக் களத்தில் முந்திரிக்கொட்டையை ஓட்டோடு சட்டியில் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டிலிருந்து எண்ணெய் வடிந்து பற்றிக்கொள்ளும்போது கரும்புகை கயிறு போலத் திரண்டு எழுந்து, காற்று வீசிய பக்கமெல்லாம் சாய்ந்து, அந்த ஷெட்டுக்குள் நேராக நுழைந்து மறுவாசல் வழியாக வெளியேறியது. காற்றோட்டத்தில் எந்தக் குறையும் இல்லை.

ஓடு உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். “என்னடி மேரி, காப்பிக் கம்பெனி துரைச்சாணியா போனவ திரும்பி வந்துட்ட?”

“ஒங்க பொகை கொஞ்சம் எங்ககிட்ட வந்துருச்சுடி. திருப்பிக் குடுக்க வந்தேன்.”

களத்துக்காரர் வெள்ளந்தியான மனிதர். நாங்கள் கேட்பதற்கு முன்பே பாராட்டை எதிர்பார்த்துப் பேசினார். “பதினோரு நாளு மூட்டையெல்லாம் இங்கிட்டுத்தான் கெடந்துச்சும்மா. பொகை வருதேன்னு நான் தார்ப்பாயெல்லாம் போட்டு இறுக்கி மூடிட்டேன். ஒரு பொட்டுத் தூசி பட்டிருக்காது.”

உள்ளே புகுந்த புகையை வெளியேற விடாமல் பாதுகாத்துக் கொடுத்திருக்கிறார். நன்றி என்றேன். பெயிண்ட் வாசனைக்குப் பயந்து மூட்டைகளை வெளியே அனுப்பியது நான். காற்றோட்டம் வேண்டும் என்று கேட்டது நான். ஏறிய புகையைக் கண்டுபிடித்தது நான். அதற்கு ஒரு மலைவீட்டின் அடுப்படியைக் காரணமாக எழுதியதும் நான்தான். முப்பது ஆண்டுகளாக இந்த மூக்கை நம்பி வாழ்ந்தவள், புகைக்கு எதிரே நின்றுகொண்டு மூச்சு விட முடியாமல் திணறினேன்.

“ஒக்காருங்க மேடம்” என்று ஆரோக்கியமேரி ஒரு சாக்கை விரித்தார். ‘நான் அன்றைக்கே சொன்னேன்’ என்று சொல்ல முழு உரிமை உள்ளவர். கடைசி வரை சொல்லவேயில்லை.

காப்பி கெட்டதற்கான இழப்பு முழுவதும் நம்முடையது என்று முதலாளி அன்று மாலையே ஒப்புக்கொண்டார். அதில் எனக்கு அவரிடம் வாதிட வேண்டியிருக்கவில்லை. என் கவலை கடிதம் பற்றியது. வேலுச்சாமியின் எண்ணுக்கு நாலைந்து முறை அழைத்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை.

“இன்னொரு லெட்டர் போட்டுரலாமே மேடம்? தப்பு எங்க பேர்லன்னு நீங்களே அழகா எழுதிருவீங்க” என்றார் முதலாளி.

“அழகா எழுதுனதுதான் இவ்வளவுக்கும் காரணம். நான் நேர்ல போறேன்.”

ஆரோக்கியமேரியையும் அழைத்துக்கொண்டேன். இரண்டு பொட்டலங்கள் எடுத்துக்கொண்டோம். ஒன்றில் புகையேறிய பச்சைக் கொட்டை. இன்னொன்றில் களத்திலிருந்து அள்ளிய கருகிய முந்திரி ஓடு.

வத்தலக்குண்டில் மலை பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து ஒரு மைல் நடந்து போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வேலுச்சாமி வாசலில் மிளகுக்கொடிக்குக் கட்டக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர், ஒல்லியான உடம்பு. நான் யார் என்று சொன்னதும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. தப்பு எங்க பேர்லதான்.”

“இல்லைங்க…” என்று தொடங்கினேன். அவர் நிறுத்தவில்லை.

“நான் அந்த ரெண்டு நாளும் ஊர்ல இல்லம்மா, உரம் வாங்கக் கீழ போயிருந்தேன். அப்ப மழை பேஞ்சிருக்கு. என் வீட்டுக்காரி பழனியம்மா காப்பியெல்லாத்தையும் அள்ளித் திண்ணையை ஒட்டி இருக்கிற அறையிலதான் காயப் போட்டேங்கிறா. அடுப்படிப் பக்கமே கொண்டு போகலைன்னு சாமி படத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணுனா. ஆனா நீங்க எழுதியிருந்தீங்களே, அடுப்படின்னு. இங்கிருக்கிற அடுப்படி அங்க இருக்கிற ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னா, அப்புறம் என்ன சத்தியம் வேண்டிக்கிடக்கு?”

“அவங்க எங்க இப்ப?”

“அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. கீழ ஊர்ல. இன்னையோட பதினேழு நாளு.” அவர் துண்டை இரண்டாக மடித்தார், பிறகு நான்காக. “கொஞ்சம் கடுசாப் பேசிட்டேம்மா. ஒன் கையாலதான் என் பேரு கெட்டுச்சு, பொய் வேற சொல்றியான்னு கேட்டேன்.”

தோழர்களே, நான் எத்தனையோ கோபக்காரர்களைச் சந்தித்திருக்கிறேன். லாரியை மறித்தவர்கள் உண்டு, மேசையை உதைத்தவர்கள் உண்டு. அன்று வேலுச்சாமி என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். அந்த மனிதர் என்னை நம்பியிருந்தார். தம்மோடு பதினெட்டு வருடம் வாழ்ந்தவள் கண்ணெதிரே நின்று சொன்னதை விட்டுவிட்டு, முகம் தெரியாத ஒருத்தியின் கையெழுத்தை நம்பியிருந்தார்.

நடந்தது முழுவதையும் சொன்னேன். பெயிண்ட், ஷெட்டு, களம், தார்ப்பாய் எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் தலையை ஆட்டினார்.

“நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க. குடும்பம் பிரிஞ்சிருச்சேன்னு சமாதானத்துக்குச் சொல்றீங்க.”

“இல்லைங்க, உண்மையைத்தான் சொல்றேன்.”

“அப்படீன்னா ஐயத்துக்கு இடமில்லைன்னு எழுதியிருக்கீங்களேம்மா?” உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். என் கடிதம் அதற்குள் சுருக்கம் விழாமல் இருந்தது. பத்திரப் பதிவுத் தாளைப் பாதுகாப்பது போலப் பாதுகாத்திருந்தார்.

ஆரோக்கியமேரிக்குப் பொறுமை போய்விட்டது. “ஏண்ணே, இந்தம்மா எழுதுனா நம்புவீங்க, எதுக்க நின்னு சொன்னா நம்ப மாட்டீங்களா? என்னா மனுசன் நீங்க! இந்தாங்க, ஒங்களுக்கும் மூக்குன்னு ஒன்னு இருக்குல்ல?” என்று கொட்டைப் பொட்டலத்தைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

வேலுச்சாமி ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். அவருடைய புருவம் நெரிந்தது. எழுந்து வீட்டின் பின்பக்கம் போய், அடுப்பிலிருந்து பாதி எரிந்த ஒரு விறகுக் கட்டையை எடுத்து வந்து அதையும் முகர்ந்து பார்த்தார். மறுபடியும் கொட்டை. மறுபடியும் கட்டை.

“நாங்க எரிக்கிறது சவுக்கும் காப்பிச் செடி வெறகும். இது அந்த வாடையே இல்லையே.”

ஆரோக்கியமேரி இரண்டாவது பொட்டலத்தைக் கொடுத்தார். கருகிய ஓட்டை முகர்ந்ததும் வேலுச்சாமி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப அவ சொன்னது நெசமா?” என்றார். எங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் படியருகே நின்றபோதுதான் என்னுடைய உண்மையான தவறு எது என்று எனக்கு விளங்கியது. தவறாக முகர்ந்தது பெரிதில்லை. நாளைக்கு உங்களுக்கும் அது நேரலாம். அந்தக் கடிதத்துடன் நான் ஒரு பிடிக் கொட்டையைச் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். தம் வீட்டு விறகின் வாடை அவருக்குத் தெரியும். தபாலைப் பிரித்த நிமிடமே, இது எங்கள் புகை இல்லை என்று சொல்லியிருப்பார். நான் அவருக்குத் தீர்ப்பை மட்டும் அனுப்பினேன், சாட்சியை என் அலமாரியில் வைத்துக்கொண்டேன். இப்போது நம் கூடத்திலிருந்து போகும் ஒவ்வொரு நிராகரிப்புடனும் ஒரு பிடிக் கொட்டை போகிறதே, அது ஏன் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது அந்தப் படியில் பிறந்த விதி. காரணம் என்ற பத்தியைப் படிவத்திலிருந்து நீக்கியதும் அதற்குப் பிறகுதான்.

“வாங்க, அவங்ககிட்டப் போவோம்” என்றேன்.

“நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது?” என்றார் வேலுச்சாமி. ஆனாலும் எங்களுக்கு முன்னால் இறங்கி நடந்தார். கீழூரில் மைத்துனர் வீடு தெரியும் முடுக்கு வந்ததும் ஒரு பலாமரத்தடியில் நின்றுவிட்டார். “நீங்க போய்ச் சொல்லுங்க.”

பழனியம்மாள் வீட்டு முற்றத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்திருக்கவில்லை. “ஒக்காருங்க” என்று மட்டும் சொன்னார். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். இம்முறை பொட்டலம் தேவைப்படவில்லை. தான் செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று நிரூபிக்க அவருக்கு எந்த வாசனையும் வேண்டியிருக்கவில்லை. அவருடைய விரல்கள் பூண்டை உரித்துக்கொண்டே இருந்தன.

“என்னைய மன்னிச்சிருங்க” என்றேன்.

“நீங்க என்னைய அறியாதவுக. அறியாம எழுதிட்டீங்க” என்றார் அவர். “அறிஞ்ச மனுசன் ஒருத்தர் இருந்தாருல்ல?”

ஆரோக்கியமேரி மெதுவாக, “அண்ணன் மரத்தடியிலதான் நிக்கிறாரு” என்றார்.

“தெரியும். இறங்கி வாரப்பவே பாத்தேன்.” பழனியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். “எங்கிட்டச் சொன்னதெல்லாம் சரி. அவருகிட்டயும் சொல்லிட்டீங்க. நாளைக்கு நாலு பேரு ஏதாவது சொன்னா மறுபடி சந்தேகம் வரும். அவரு வாய்ச்சொல்ல நம்புற ஆளில்ல, தாளத்தான் நம்புவாரு. எழுதிக் குடுங்க.”

தம் அண்ணன் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டு வந்தார். நான் முற்றத்தில் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான். ‘காப்பியில் புகை ஏறியது எங்கள் கவனக்குறைவால். பழனியம்மாள் உலர்த்தியதில் எந்தக் குறையும் இல்லை. முன்பு நான் எழுதியது தவறு.’ கையொப்பமிட்டு நீட்டினேன்.

பழனியம்மாள் எழுத்துக் கூட்டி, வாய்விட்டு, ஒருமுறை முழுவதையும் வாசித்தார். பிறகு தாளைத் திருப்பி என்னிடமே கொடுத்தார்.

“முந்திரின்னு மொதல்ல சொன்னது இந்த அக்காதான? அவுக பேரையும் எழுதுங்க. ஒரு பொம்பளை சொன்னா அதுல நெசம் இருக்கும்னு அதுலயாச்சும் இருக்கட்டும்.”

எழுதினேன். ஆரோக்கியமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, முற்றத்துக் கோழியை இல்லாத காரணத்துக்கு விரட்டினார்.

பழனியம்மாள் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பூண்டுத் தட்டுக்குத் திரும்பினார். அவரிடம் கொண்டு போய்க் கொடுக்கட்டுமா என்று நான் கேட்டேன்.

“வேணாம். எங்கிட்டத்தான் இருக்கும். வேணுங்கிறவரு வந்து கேக்கட்டும்.”

நாங்கள் முடுக்கில் ஏறி வந்தபோது வேலுச்சாமி பலாமரத்தில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து நின்றார். “என்ன சொன்னா?” என்று கேட்டார்.

“எங்ககிட்டக் கேக்காதீங்கண்ணே. அங்கிட்டுப் போய்க் கேளுங்க” என்றார் ஆரோக்கியமேரி.

அவர் அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டார், என்ன நினைத்தாரோ, மறுபடியும் எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டார். அந்த வீட்டை நோக்கிக் கீழே இறங்கத் தொடங்கினார்.